மூச்சைப் பிடித்த கார்த்திகை

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் எப்சி, கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எக்ஸ்ரே தொலைநோக்கி எடுத்த பதிவை மடிக்கணினியில் ஓட விட்டிருந்தாள். இளம் நட்சத்திரங்கள் சீறிச் சீறி மினுங்கின. ராஜபாளையம் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் அவள் அம்மா தேவகிருபை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, என்ன இது, இப்படி ஆடுனா படம் கலங்கிரும்லா?" என்றவள், பழக்கதோஷத்தில் திரையிடமே சொன்னாள்: "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க."

அத்தனை நட்சத்திரங்களும் மினுங்குவதை நிறுத்தின. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அவற்றிலிருந்து கிளம்பிவிட்ட கதிர்கள்தான் திரையில் தெரிந்தவை. பதிவின் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மூச்சை விடலாம் என்று சொல்லாமலேயே அம்மா பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

"விடுங்க" என்று எப்சி சொல்லிப் பார்த்தாள். பிறகு அம்மாவுக்குப் போன் அடித்தாள். அது அடுக்களையில் ஒலித்தது. திரையில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கியிருந்தன.