மெட்ராஸ் தண்ணீர்

“கையும் களவுமாப் புடிச்சுட்டனுங்கய்யா! பாருங்க, மலைத் தண்ணிய ஜாடியில மொண்டுக்கிட்டு வந்து பேட்டரிக்கு ஊத்தறா!”

மேஸ்திரி அர்த்தனாரி போட்ட சத்தம் சோளக்காடு வரைக்கும் கேட்டிருக்கும். பேட்டரி வண்டியின் பக்கத்தில் பீங்கான் ஜாடியும் கையுமாக நின்றாள் பாவாயி.

1944-ஆம் வருடம். ஆகாய விமானம் செய்ய அலுமினியம் வேண்டுமென்று கொல்லிமலையில் ஒரு கம்பெனி கல் வெட்டிக்கொண்டிருந்தது. கல் பெட்டிகளைத் தூக்கி அடுக்க அங்கே ஒரே ஒரு பேட்டரி வண்டி. ரோடு இல்லாத மலைக்கு அதைப் பிரித்து, முப்பது பேர் தோளில் சுமந்து கொண்டுவந்தார்கள். அதன் பேட்டரிக்கு மெட்ராஸிலிருந்து பாட்டிலில் வரும் காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். வேறு தண்ணீர் பட்டால் பேட்டரி பாழ்.

வண்டியைச் சோதிக்க வந்திருந்த எஞ்சினியர் அப்துல் அலீம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏம்மா, நெசமா?”

“ஜாடியில இருந்து ஊத்தறது நெசந்தானுங்க.”

“கேட்டீங்களா? அவ வாயாலேயே ஒத்துக்கிட்டா!” மேஸ்திரிக்குக் கொண்டாட்டம். “பொம்பளைக்கு எதுக்குங்க மிசின் வேலை? மறுபடியும் கல்லுச் சொமக்க அனுப்புங்க. இந்த மலைத் தண்ணி வெசமுங்க. கீழ இருந்து வந்தவன் ஒரு வாய் குடிச்சாப் போதும், காய்ச்சல் வந்து ஆளையே தூக்கிட்டுப் போயிரும். மனுசனுக்கே இந்தக் கதின்னா பேட்டரி தாங்குமா?”

“நீங்களும் கீழ திருச்செங்கோட்டுக்காரர்தானே? ரெண்டு வருசமா கிண்ணுன்னு இருக்கீங்களே?” என்றார் எஞ்சினியர்.

மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அது… எல்லாம் அர்த்தநாரீஸ்வரர் புண்ணியமுங்க.”

கல் கூடை சுமந்து கழுத்து வளைந்து போயிருந்த பாவாயிக்கு, எப்படியோ கிடைத்த வேலை இந்த வண்டி ஓட்டுவது. வண்டியைத் தன் பிள்ளை போலத் துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். இது போனால் மறுபடியும் கூடைதான்.

எஞ்சினியர் பேட்டரி மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சிப் பார்த்தார். பன்னிரண்டு அறைகளையும் பார்த்து முடித்தார்.

“வண்டிய எடும்மா.”

பாவாயி ஏறி உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தாள். நான்கு பெட்டிகளை அடுக்காக வண்டி முக்காமல் முனகாமல் மேலே தூக்கியது.

“அடேயப்பா! கம்பெனிக்கு மத்த எடத்துல இருக்கற நாலு வண்டியும் ஒரே வருசத்துல படுத்துருச்சு. இது புதுசாட்டம் ஓடுதே!”

“இன்னிக்கு ஓடுமுங்க, நாளைக்குப் படுத்துக்கும்! அந்த ஜாடித் தண்ணியச் சோதிச்சுப் பாருங்கய்யா!”

எஞ்சினியர் ஒரு சின்ன குப்பியில் ஜாடித் தண்ணீரைப் பிடித்தார். பையிலிருந்து மருந்தை எடுத்து இரண்டு சொட்டு விட்டார். கெட்ட தண்ணீராக இருந்தால் பால் போல வெளுக்கும் என்றார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் பளிங்காக அப்படியே இருந்தது.

“சுத்தமோ சுத்தம்! இனிமே இந்த வண்டி இந்தம்மா பொறுப்பு. யாரும் குறுக்க வரப்படாது.”

“மருந்து பழசா இருக்குமுங்க!” மேஸ்திரி தன் அறைக்கு ஓடி, ஒரு பாட்டிலோடு மூச்சிரைக்கத் திரும்பினார். “இதா, அசல் மெட்ராஸ் தண்ணி! இதுல விட்டுப் பாருங்க!”

எஞ்சினியர் அதை இன்னொரு குப்பியில் பிடித்து மருந்து விட்டார். குப்பி முழுக்க வெள்ளையாகக் கலங்கியது.

மேஸ்திரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. “தண்ணி அனுப்பற மெட்ராஸ்காரன் ஏமாத்திப்புட்டானுங்கய்யா!”

“அப்போ ஜாடியில இருக்கறது எந்தத் தண்ணி?” என்றார் எஞ்சினியர், ஒன்றும் புரியாமல்.

பாவாயி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

“அதுதானுங்க மெட்ராஸ் தண்ணி. காய்ச்சலுக்குப் பயந்து வண்டித் தண்ணிய மேஸ்திரி திருட்டுத்தனமாக் குடிக்க ஆரம்பிச்ச அன்னிக்கே, அதையெல்லாம் ஜாடிக்கு மாத்திப்புட்டு, பாட்டில்ல வேற தண்ணிய ரொப்பி வச்சுட்டனுங்க. ரெண்டு வருசமா அவரு பாட்டில் பாட்டிலாக் குடிச்சுப்போட்டுக் கிண்ணுன்னு இருக்கறது எங்க மலை ஊத்துத் தண்ணிங்க!”