ஸ்பீக்கருக்குள் ஒரு நடுக்கம்

"பாட்ட நிறுத்துய்யா! குரல் நடுங்குது."

நல்லசாமி கையை உயர்த்தினார். நெய்வேலி டவுன்ஷிப்பில் மனமகிழ் மன்றத்துக்குப் புது ஸ்பீக்கர் வாங்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் மன்றம் வாங்காது. அவர் காதுக்கு ஊரில் அவ்வளவு மதிப்பு.

ஸ்பீக்கர் பெட்டி செய்து கொண்டுவந்த வடக்குத்து ரேடியோ கடை சிங்காரவேலுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சார், நாலாவது தடவையா பெட்டியத் தூக்கிகினு வந்திருக்கேன். இதுவும் ஆவலன்னா கடைய மூடிட்டு மைன்ஸுக்கு கான்ட்ராக்ட் வேலைக்குத்தான் போவணும்."

"அதுக்கு நான் என்னய்யா பண்றது? மேளம் அதிரும்போது உள்ள இருக்கற கூம்பு முன்னயும் பின்னயும் ஆடுது. அதே கூம்புதான் பாடுற பொண்ணு குரலையும் சுமக்குது. ஷிப்ட் பஸ்ஸுல குண்டு குழில நின்னுக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு. இதுக்குப் பேரு மாடுலேஷன் டிஸ்டார்ஷன்!"

மன்றத்தின் புதுச் செயலாளர் வளர்மதி உன்னிப்பாகக் கேட்டாள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்."

"உங்களுக்கெல்லாம் கேக்காதும்மா. ஆயிரத்துல ஒருத்தனுக்குத்தான் கேக்கும்."

சிங்காரவேல் சத்தத்தைக் குறைத்தான். "இப்பங்க?"

"நடுங்குது."

இன்னும் குறைத்தான்.

"நடுங்குது."

கடைசியில் பாட்டு கொசு ரீங்காரத்துக்கு வந்துவிட்டது. வளர்மதிக்குப் பாட்டே கேட்கவில்லை.

"லேசா நடுங்குது. இதோ... இந்த அடியில!"

சிங்காரவேலுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்டின்னா எழுதிக் குடுங்க சார்!"

"தாராளமா!"

கோயில் அர்ச்சனைச் சீட்டில்கூட ஊழியர் எண் போடுகிற மனுஷர் அவர். 'மிக மெல்லிய ஒலியிலும் குரல் நடுக்கம் என் இரு காதுகளுக்கும் தெளிவாகக் கேட்கிறது' என்று எழுதினார். கையெழுத்து, பதவி, ஊழியர் எண், தேதி என்று ஒன்று விடாமல் போட்டு நீட்டினார்.

வாங்கிப் பார்த்த வளர்மதியின் புருவம் உயர்ந்தது. சுரங்க நிறுவனத்தின் பர்சனல் செக்‌ஷனில் வேலை பார்க்கிறவள். ஆட்களைவிட எண்களைத்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"சார், இந்த நம்பர் நீங்கதானா? மைன்ஸுல கன்வேயர் சத்தத்துல ரெண்டு காதும் சுத்தமா போச்சுன்னு எழுதிக் குடுத்துதானே ஷிப்ட்லேர்ந்து ஆபீஸுக்கு மாத்தல் வாங்குனீங்க? ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. இந்தக் காகிதத்தையும் அதுல சேத்துடவா?"

நல்லசாமி உள்ளங்கையைக் குவித்துக் காதருகே வைத்துக்கொண்டார்.

"என்னம்மா சொல்றீங்க? ஒண்ணுமே கேக்கலையே! சிங்காரவேலு, பெட்டி பிரமாதம்ப்பா, இங்கயே வெச்சுட்டுப் போ!"