சுத்தமான கடல்

பாறைமேல் இருநூறு பயணிகள் அஸ்தமனம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நுழைவாயிலில் தரும் கண்ணாடியைப் போட்டால் குப்பை, மின்கம்பி, வள்ளம், ஊர்க்காரர்கள் எதுவும் தெரியாது. மலையும் கடலும் மட்டும்தான்.

எதிரே கடலில், கவிழ்ந்த வள்ளத்தின் மேலிருந்து மீனவன் பனியடிமை துடுப்பில் சட்டையைக் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தான். பயணி எவராவது கண்ணாடியிலுள்ள உதவிப் பொத்தானை அழுத்திச் சொன்னால்தான் மீட்புப் படகு கிளம்பும். அவன் மனைவி ஜெனோவா பாறைமேல் ஒரு பயணியின் கண்ணாடியைப் பிடுங்கினாள்.

"அந்தா பாருங்க சாரே, எனக்க மாப்பிள! பட்டன அமுக்குங்க சாரே!"

அவர் கடலைப் பார்க்கவில்லை. அவளையும் காலடிக் குப்பையையும் பார்த்தார்.

"சே, இவ்ளோ அசிங்கமா இந்த இடம்?"

கண்ணாடியைப் பறித்து மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

"இங்க ஒரு பொம்பள தொந்தரவு பண்றா."

இரண்டு காவலாளிகள் உடனே ஓடிவந்தார்கள்.