அடுத்த படம்
பயிற்சி முடிந்து பாதி விளக்குகளை அணைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் இந்தப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் ஊர் மொத்தமும் உட்காரலாம். இப்போது கீழ்ப்படியில் வெர்லினும் அவர் மகள் டெஸ்ஸாவும் மட்டும் இருக்கிறார்கள். தானியக் கிடங்கில் வேலை முடிந்து நேராக வந்தவரின் தொப்பியெல்லாம் தூசி. வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். எதிர்ச்சுவரில் மாநிலக் கோப்பை வென்ற அணிகளின் படங்கள். ஒன்றில் அவருடைய அப்பா, அடுத்ததில் அவர். அதற்குப் பக்கத்தில் வெறும் சுவர். "அடுத்து உன் படந்தான்" என்று கடைத்தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் டெஸ்ஸாவிடம் சொல்கிறார்கள். அவள் ஷூ கயிற்றை அவிழ்க்கிறாள், மறுபடி கட்டுகிறாள். "அப்பா, நான் டீமை விட்டுரட்டுமா?" குளிர்காற்றில் கதவு ஒருமுறை அதிர்ந்து அடங்குகிறது. "கோச்கிட்ட சொல்லிட்டியா?" "இல்ல. ஊரே பேசுமேப்பா." "பேசும். நாங்க ஜெயிச்ச அந்த ஃபைனலப் பத்தி எங்கிட்ட இன்னும் பேசிட்டுத்தான் இருக்காங்க." "உங்களுக்கு ஆடறது பிடிச்சுதா?" வெர்லின் தேய்ப்பதை நிறுத்திவிட்டு யோசிக்கிறார். "தெரியலம்மா. யாரும் கேட்டதில்ல." தொப்பியின் தூசியைத் தட்டிக்கொண்டே, "நாளைக்குக் கோச்சப் பாக்கப் போறப்ப நானும் வரேன்" என்கிறார். எழுந்திருக்கக் கையை நீட்டுகிறார். அவள் பிடித்துத் தூக்கிவிடுகிறாள்.