இடப்பக்கம் முறுக்கிய இழை

திரையில் சுருள் இடப்பக்கம் திரும்பியது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

இடப்பக்கமேதான்.

இழையின் பெரிய சுருள் இடப்பக்கம் திரும்புவது மூன்று வருடமாகத் தெரிந்த விஷயம். இது அதற்குள் இருக்கும் சின்னச் சுருள். புரதத்தின் சுருள். காலையில் வந்த புதிய வரைபடத்தில்தான் முதல் தடவையாகக் கண்ணில் படுகிறது. அவ்வளவு துல்லியம்.

அந்தச் சின்னச் சுருள் எந்த உயிரிலும் வலப்பக்கம்தான் திரும்பும். யானையிலும், எறும்பிலும், இப்போது எரிந்துகொண்டிருக்கும் அவளுடைய கண்ணிமையிலும்.

அப்படியென்றால் படம் முழுவதுமே கண்ணாடியில் தெரியும் படம். எல்லாம் இடம் வலம் மாறிக் கிடக்கிறது. பெரிய சுருளும்தான்.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

உப்பளத்தின் இளஞ்சிவப்புத் தண்ணீரில் வாழும் ஒற்றைச் செல் உயிர் அது. உடம்பைவிட நீளமான இழையைச் சுழற்றி நீந்தும். ஒரே புரதம் ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கயிறுபோல் முறுக்கேறிய இழை. அதன் சொந்தக்கார உயிர்கள் எல்லாவற்றுக்கும் முறுக்கு வலப்பக்கம். இதற்கு மட்டும் இடப்பக்கம். அதுதான் கண்டுபிடிப்பு. ஆறு வருட ஆய்வு அதன்மேல் நிற்கிறது. இன்று நான்கு மணிக்குக் கட்டுரை ஆய்விதழுக்குப் போகிறது.

ஆய்வகத்தில் அந்த இழைக்கு இடதுசாரி என்று பெயர்.

நுண்ணோக்கி தருவது நிழல்கள் மட்டும். சுவரில் விழும் கையின் நிழலைப் பார்த்து இடது கையா வலது கையா என்று சொல்ல முடியாது. அதனால் மாதிரியைக் கொஞ்சம் சாய்த்து இன்னொரு படம் எடுத்துச் சரிபார்ப்பது வழக்கம். மூன்று வருடத்துக்கு முன் முதல் படம் எடுத்த அன்று அவளுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். கணினி இடதா, வலதா என்று கேட்டது. ஏதோ ஒன்றைக் கொடுப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இடது என்று கொடுத்தாள்.

பிறகு பார்க்கவில்லை. அடுத்து வந்த படமெல்லாம் அதன்மேலேயே எழுந்தது.

ஏன் இடது? யோசித்தாள். அன்று பசித்தது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

"என்னடி, உன் இடதுசாரி என்ன சொல்றான்?"

பக்கத்து மேசை ஜெசிந்தா நாற்காலியோடு உருண்டு வந்தாள். திரையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. அவளும் இதே வேலையில் ஐந்து வருடம் இருப்பவள். விளக்கத் தேவையில்லை.



"பேப்பர் பழைய மேப்லதானே எழுதியிருக்க?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதுல இதெல்லாம் தெரியாது. புதுச நீ இன்னும் தொறக்கவே இல்லன்னு வச்சுக்க. ஆறு வருஷம்டி. சார் வேற இந்த மாசத்தோட ரிட்டயர்டு."

அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

படத்தை இடவலமாகப் புரட்ட ஒரே கட்டளை போதும். மூன்று வருடத்தில் ஒரு நாளும் தொட்டதில்லை.

தட்டினாள்.

இழை கலைந்தது. எதிர்ப்பக்கமாக மறுபடி எழுந்தது. வலப்பக்கம் முறுக்கிய இழை. சொந்தக்காரர்களைப் போலவே. யாரும் கூப்பிட்டு வாழ்த்தாத இழை.

புரதச் சங்கிலியின் ஒரு துண்டை எடுத்து அதற்குள் வைத்துப் பார்த்தாள். உட்கார்ந்தது. அடுத்த துண்டு. அதுவும். பழைய படத்தில் திணித்துத் திணித்துப் பார்த்தும் முட்டிக்கொண்டு நின்றவை. படம் மங்கல், அதனால்தான் என்று நினைத்திருந்தாள். இப்போது ஒவ்வொன்றும் தனக்கு விட்டிருந்த இடத்தில் போய் அமர்ந்தது, பேருந்தில் முன்பதிவு செய்தவர்களைப் போல, அலட்டிக்கொள்ளாமல்.

"ச்சே" என்றாள் ஜெசிந்தா, மிக மெல்ல. "எவ்ளோ அழகா இருக்கு."

மணி மூன்றே கால்.

எழுந்தாள். ஒரு கால் மரத்துப் போயிருந்தது. அது உயிர் பெறும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்தாள்.

பேராசிரியர் தெய்வநாயகத்தின் அறை திறந்தே இருந்தது. யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாய்யா, இடப்பக்கம்! நானே மொதல்ல நம்பல. நம்ம பொண்ணுதான் கண்டுபுடிச்சா."

சிரித்தார். ஆறு வருடத்தில் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதில்லை.

அவளைக் கண்டதும் முகம் இன்னும் மலர்ந்தது. இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டே நிமிடம்.

எதிரே நாற்காலி காலியாக இருந்தது. அவள் உட்காரவில்லை. கதவோரம் சுவரில் தோளைச் சாய்த்து நின்றாள்.

அந்த இரண்டு நிமிடத்தை அவருக்கு விட்டாள்.