கேஸ் மூடியாச்சா?

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு ஜன்னலில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட கிளி, மூன்றாம் நாள் காலை அவர் செருப்பை மாட்டும்போது வாய் திறந்தது.

"ஏங்க, கேஸ் மூடியாச்சா?"

அவர் மனைவி தினமும் கேட்ட கேள்வி. அவள் போய் நாலு வருஷமாகிறது. அதற்குப் பிறகுதான் அவர் இந்த வீட்டுக்கே குடிவந்தார். உள்ளே போய்ப் பார்த்தார். ரெகுலேட்டர் திறந்துதான் கிடந்தது.

மூடிய நாட்களில் கிளி பேசுவதில்லை என்பது ஒரு வாரத்தில் புரிந்துபோயிற்று. பிறகு வேண்டுமென்றே திறந்துவைத்தார். கேள்வி வந்ததும், "இதோ மூடிடறேம்மா" என்று நல்ல பிள்ளையாக எழுந்து போவார்.

கிளி வந்த முதல் நாளே அவர் தெருவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, ஒருநாள் கிளிக்குச் சொந்தக்காரி வந்து நின்றாள்.

"நல்லாப் பேசுதுங்க," என்றார், கிளிக்கென்று வாங்கிய கூண்டைக் கொடுக்க மனமில்லாமல்.

"எங்க கிளியா? சுத்த ஊமை சார். அஞ்சு வருஷத்துல ஒரு 'கீ' கூடச் சொன்னதில்ல!" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ரெகுலேட்டரைத் திறந்துவைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். கூண்டு தொங்கிய ஆணியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். யாரும் கேட்கவில்லை.

"இன்னிக்கும் மூடலம்மா," என்றார் மெல்ல.

சமையலறையில் ரெகுலேட்டரை யாரோ 'டக்'கென்று மூடும் சத்தம் கேட்டது.