நீங்க முதல்ல போங்க

“வாயை மூடும்மா! ஒரு வார்த்தை பேசக் கூடாது!”

ஆபீஸ் கதவைத் திறக்கும்போதே டெல்மர் கத்திக்கொண்டு வந்தார். பின்னால் பிரிட்டா, கம்பளித் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அறுபத்தெட்டு வயது மனுஷர். மகள் வயசுப் பெண்ணிடம் இப்படியா பேசுவது? இருவரும் எங்களிடம்தான் கார் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்கள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர்கள் கார்கள் இரண்டும் மோதிக்கொண்டது எங்கள் ஆபீஸ் வாசலில். நாலு பக்கமும் ‘நில்’ பலகை இருக்கும் சந்திப்பு. முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும், அவ்வளவுதான் சட்டம். மரியாதைக்குப் பேர்போன மினசோட்டா மாநிலத்துக்காரர்களான எங்களுக்கு அது சரிப்படாது. “நீங்க போங்க” என்று ஒருத்தர் கை காட்டுவார். “இல்லல்ல, நீங்க முதல்ல” என்று மற்றவர் காட்டுவார். மரியாதை முற்றி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். பிப்ரவரிப் பனியில் பிரேக்காவது ஒன்றாவது!

போலீஸ்காரர் வந்தார். யாருக்கும் அடியில்லை என்றதும், “உங்க இன்சூரன்ஸ்காரர்கிட்டப் பேசிக்குங்க” என்று போய்விட்டார். இன்சூரன்ஸ்காரர் என்றால் நான்தான்.

“என்ன நடந்தது, பிரிட்டா?”

“லோவெல் சார், நான் வந்து...”

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டா பாரு! சும்மா இருக்க மாட்டே?”

“டெல்மர், கொஞ்சம் மெதுவா. இது ஆபீஸ்.”

பிரிட்டா மேஜையருகே வந்தாள். “கார் முன்பக்கம் நொறுங்கிடுச்சு, சார். வீடு வீடாப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கிற வேலை என்னோடது. கார் இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலை கிடையாது. ஆனா இன்சூரன்ஸ் இருக்கே? சரி பண்ணிக் கொடுத்துடுவாங்கல்ல?”

“இருக்கு. ஆனா உன்னோடது மாநில அரசு கேக்குற குறைந்தபட்சம். உனக்கு அடிபட்டிருந்தா, யார் தப்புன்னு கேக்காம உன் இன்சூரன்ஸே கொடுக்கும்.”

“எனக்கு அடிபடலையே!”

“அதான் சிக்கல். வண்டின்னு வந்துட்டா யார் தப்புன்னு கேப்பாங்க. அவர் தப்புன்னா அவர் இன்சூரன்ஸ் உன் காருக்குக் கொடுக்கும். உன் தப்புன்னா உன் இன்சூரன்ஸ் அவர் காருக்குக் கொடுக்கும்.”

“அப்ப என் காருக்கு?”

“ஒண்ணும் வராது.”

“அது எப்படி சார்? பணம் கட்டுறவ நான். இன்சூரன்ஸ் என் கார் பேர்ல. ஆனா கொடுக்கிறது அடுத்தவங்க காருக்கா? அரசாங்கம் கேட்டதையெல்லாம் வாங்கினேனே!”

“அரசாங்கம் கேக்குறது நீ இடிக்கிறவங்களுக்காக.”

“உடம்புக்குத் தப்பு கிடையாது, காருக்குத் தப்பு உண்டா? ஒண்ணுமே புரியலை, சார்.”

உண்மையில் சொல்லச் சொல்ல எனக்கே தலை சுற்றியது. பேனாவை எடுத்தேன். “சரி, நடந்ததை நீயே சொல்லு.”

“சார், நான் அங்க...”

டெல்மர் மேஜையைத் தட்டினார். “முதல்ல நான் சொல்றதை எழுது, லோவெல். ஏம்மா, நீ பக்கத்துக் கடையில போய்க் காபி குடி. கூப்பிடுற வரைக்கும் இந்தப் பக்கம் வரக் கூடாது.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். என்னால் அடக்க முடியவில்லை.

“ஏன் டெல்மர், உங்களுக்கே நல்லா இருக்கா? நீங்க முழு இன்சூரன்ஸ் வெச்சிருக்கீங்க. யார் தப்பா இருந்தாலும் உங்க கார் சரியாயிடும். அவளைப் பேச விட்டா என்ன குறைஞ்சுடும்?”

“எழுதுறியா, இல்லையா?”

எழுதினேன்.

“அவளைப் போகச் சொல்லிக் கை காட்டினது நான். காட்டிட்டு, பொறுக்காம வண்டியை எடுத்ததும் நான். தப்பு என்னோடது. எழுதிட்டியா? கொண்டா, கையெழுத்துப் போடுறேன்.”

என் பேனா நின்றுவிட்டது.

“நாற்பது வருஷமா உங்க பேர்ல ஒரு கீறல்கூட இல்லையே, டெல்மர். இனிமே கட்டணம் ஏறிடும்.”

“ஏறட்டும்.”

“அப்புறம் எதுக்கு அந்தப் பொண்ணை வாயே திறக்க விடலை?”

“எப்படிப்பா விடறது? கார்லேர்ந்து இறங்கினதும் ‘சாரி, என் தப்புதான், என் தப்புதான்’னு மூணு தரம் சொல்லிட்டா. நம்ம ஊர்ல ஒருத்தன் காலை ஒருத்தன் மிதிச்சா ரெண்டு பேருமே சாரி சொல்லுவோம், அது வேற. இங்க வந்து அதைச் சொல்லி, நீயும் எழுதித் தொலைச்சிட்டா, அவ காரை யார் சரி பண்ணுவா?”

நான் தாளை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். கதவு வரை போனவர் திரும்பினார். கோபம் இன்னும் அடங்கவில்லை.

“தினம் அறுபது மைல் ஓட்டுற பொண்ணுப்பா அது. அரசாங்கம் கேக்குறது மட்டும் இருந்தாப் போதும்னு அவளுக்கு எந்தப் புண்ணியவான் சொன்னான்? அவனைப் பிடிச்சு நாலு வார்த்தை கேக்கணும்.”

“அது வந்து...” என்று இழுத்தேன்.

போன வருஷம், மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், “இதுவே போதும்மா, கையெழுத்துப் போடு” என்று அவளிடம் சொன்னது நான்தான்.